செம்மஞ்சள் சீருடையும் ஒரு சிறிய இனமும்

ஆண்டுதோறும் யூலை மாதக் குளிரில், சிட்னியும் மெல்பேர்ணும் உறங்கிய பின்னர், எஸ்.பி.எஸ். தொலைக்காட்சியில் ஒரு சைக்கிள் ஓட்டப்போட்டி நள்ளிரவு கடந்தும் நீளும். ரூர் டி பிரான்ஸ் என உலகம் அழைக்கும் பிரான்ஸ் சுற்றோட்டமே அது. இரவு வேலை முடிந்து வீடு திரும்பும் எம்மவர் பலருக்கு அப்போட்டி பழகிப்போன ஒன்று. 2001ஆம் ஆண்டு தொடக்கம் 2013ஆம் ஆண்டு வரை அதனைப் பார்த்தவர்கள் ஒரு காட்சியை மறந்திருக்கமாட்டார்கள். பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடையே எழுந்து நிற்கும் பிரனீஸ் மலைத்தொடரில் போட்டி ஏறும் நாட்களில், வீதியின் இரு மருங்கும் செம்மஞ்சள் நிறமாக மாறிவிடும். ஆயிரம் ஆயிரமாய்த் திரண்ட மக்கள் ஒரே நிறச் சட்டை அணிந்து, சிவப்பு, பச்சை, வெள்ளை நிறங்கள் கொண்ட ஒரு கொடியை அசைத்தபடி நிற்பர்.

"பாஸ்க் மக்கள்" என்று ஆங்கில வர்ணனையாளர் கூறிவிட்டு அப்பால் செல்வார். அந்த இரு சொற்களுக்குப் பின்னால், நாடற்ற சிறிய இனம் ஒன்று தனக்கென ஒரு தொழில்முறை அணியைத் தன் சொந்தப் பணத்தில் கட்டியெழுப்பிய கதை உண்டு. அந்த அணி 20 ஆண்டுகள் ஓடியது, வென்றது, வீழ்ந்தது, பின்னர் மீண்டும் துளிர்த்தது. அதன் எழுச்சியும் வீழ்ச்சியும் புலம்பெயர்ந்து வாழும் எம்மவர் ஆறுதலாக எண்ணிப் பார்க்கத்தக்கவை.

மலைகளுக்கு நடுவே ஒரு மொழி

பாஸ்க் மக்களின் தாயகம் ஏழு மாநிலங்களைக் கொண்டது. நான்கு ஸ்பெயினிலும் மூன்று பிரான்சிலும் உள்ளன. அவர்களது மொழியான எயுஸ்காரா, ஐரோப்பாவின் வேறெந்த மொழியோடும் உறவுடையதென நிறுவப்படாத தனிமொழி. ஸ்பானிய உள்நாட்டுப் போரின்போது, 1937 ஏப்பிரல் 26ஆம் நாள், சந்தை கூடும் திங்கட்கிழமையன்று, பாஸ்க் மக்களின் பழம்பெரும் நகரான கேர்னிக்கா மீது ஜேர்மன், இத்தாலிய விமானங்கள் குண்டுமாரி பொழிந்தன. ஓவியர் பிக்காசோ தீட்டிய புகழ்பெற்ற ஓவியத்தால் அந்நகரின் பெயரை உலகம் அறியும். அடுத்த மாதமே ஹபானா என்ற கப்பல் ஏறத்தாழ 4,000 பாஸ்க் சிறுவர்களை ஏற்றிக்கொண்டு இங்கிலாந்தின் சவுதாம்ப்ரன் துறைமுகத்தை அடைந்தது. பெற்றோரைப் பிரிந்து கப்பலேறிய அப்பிள்ளைகளுட் சிலர் இறுதிவரை ஊர் திரும்பவில்லை.

போரில் வென்ற பிராங்கோவின் ஆட்சியில் எயுஸ்காரா பாடசாலைகளிலிருந்தும் பொது வாழ்விலிருந்தும் விரட்டப்பட்டது. சிவப்பு, பச்சை, வெள்ளைக் கொடி தடைசெய்யப்பட்டது. பிராங்கோ இறந்து ஓராண்டுக்கு மேல் கழிந்த பின்னர், 1977ஆம் ஆண்டிலேயே அக்கொடி மீண்டும் சட்டப்படி பறந்தது. 1979ஆம் ஆண்டு ஸ்பெயினின் மூன்று பாஸ்க் மாநிலங்கள் தன்னாட்சி பெற்றன. இவ்வரலாற்றை அறியாதவருக்கு, மலைவீதியில் நின்று கொடி அசைப்பவர் வெறும் விளையாட்டு ரசிகராகவே தோன்றுவர்.

சைக்கிள் அம்மக்களின் வாழ்வோடு இரண்டறக் கலந்த ஒன்று. எய்பார் என்ற அவர்களது தொழில் நகரம் ஒருகாலத்தில் துப்பாக்கி செய்வதற்குப் பெயர்பெற்றது. 1840இல் அங்கே துப்பாக்கித் தொழிலில் தொடங்கிய ஒர்பேயா என்ற நிறுவனம் 1930களில் சைக்கிள் உற்பத்திக்கு மாறியது. குழாய் செய்யும் கை அதே கை. துப்பாக்கிக் குழல் சைக்கிளின் சட்டமாயிற்று. பின்னர் அத்தொழிற்சாலையைத் தொழிலாளரே பொறுப்பேற்றுக் கூட்டுறவு நிறுவனமாக நடத்தினர். நாம் கூறவந்த அணியின் வீரர்கள் ஓட்டியவை அந்த ஒர்பேயா சைக்கிள்களே.

சைக்கிள் ஓர் ஏழை இனத்தின் வாகனம் என்பதை எமக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. 1990களில் யாழ்ப்பாணத்தில் எரிபொருள் தடை நிலவிய காலத்தில், நோயாளியும் விறகும் நெல்மூட்டையும் மணமக்களுங்கூடச் சைக்கிளிலேயே பயணம் செய்தமையை அறிந்தவர்கள் நாம்.

ஓடும் விளம்பரப் பலகைகள்

தொழில்முறைச் சைக்கிள் அணிகள் எவ்வாறு பிழைக்கின்றன என்பதை முதலில் அறிந்துகொண்டாலே இக்கதை தெளிவாகும். உதைபந்தாட்டக் கழகத்திற்கு மைதானம் உண்டு, நுழைவுச்சீட்டு உண்டு. வீதியில் நடக்கும் சைக்கிள் போட்டியைப் பார்க்க எவரும் பணம் செலுத்துவதில்லை. தொலைக்காட்சி உரிமத்தால் வரும் பணமும் போட்டியை நடத்துபவரையே சென்றடைகிறது. ஆகவே ஓர் அணியின் வருமானம் ஏறக்குறைய முழுவதும் அனுசரணையாளரின் கையில் இருக்கிறது. அணியின் பெயரே அனுசரணையாளரின் பெயர்தான். அனுசரணையாளர் விலகினால் பெயர் போகும். பல வேளைகளில் அணியே போய்விடும்.

ஸ்பெயினின் பெரிய அணிகள் இவ்வாறே வாழ்ந்தன. ஐந்து முறை தொடர்ச்சியாகப் பிரான்ஸ் சுற்றோட்டத்தை வென்ற மிகேல் இந்துராயின், பாஸ்க் மக்கள் தமதெனக் கருதும் நவாரா மாநிலத்தவர். அவர் 1991 முதல் 1995 வரை அவ்வெற்றிகளைப் பெற்றபோது அணிந்திருந்தது பனெஸ்தோ என்ற வங்கியின் சீருடை. அதே அணி அதற்கு முன்னர் ரெனோல்ட்ஸ் என்றும், பின்னர் வேறு சில பெயர்களாலும் அழைக்கப்பட்டு, 2011 முதல் மொவிஸ்தார் என்ற தொலைபேசி நிறுவனத்தின் பெயரைப் பெற்றது. 1989 முதல் 2003 வரை ஓடிய ஒன்சே அணியின் அனுசரணையாளர் இன்னும் வியப்புக்குரியவர். அது ஸ்பெயினின் பார்வையற்றோர் தேசிய நிறுவனம். உள்நாட்டுப் போர்க்காலமான 1938இல் தோன்றி, அதிர்ஷ்டலாபச் சீட்டு விற்பனையால் வளர்ந்த அந்நிறுவனம், தன் உறுப்பினர் கண்ணால் காணமுடியாத ஒரு விளையாட்டுக்குப் பணம் அளித்தது.

"எம்மண்ணில் வளர்ந்தவர் மட்டும்"

பாஸ்க் நாட்டின் சிறந்த வீரர்கள் இவ்வாறு வங்கிகளுக்கும் பிற நிறுவனங்களுக்கும் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், 1993ஆம் ஆண்டு, மிகேல் மதாரியாகா என்பவரின் தலைமையில் எயுஸ்காதி அறக்கட்டளை தோன்றியது. எயுஸ்காதி என்பது பாஸ்க் நாட்டுக்கு அவர்கள் இட்ட பெயர். அறக்கட்டளையின் எண்ணம் எளிமையானது. ஒரு பெரிய செல்வந்தரைத் தேடாது, ஆயிரக்கணக்கான சாதாரண மக்களை அங்கத்தவராகச் சேர்த்து, அவர்கள் செலுத்தும் சிறு சந்தாப் பணத்தை அடித்தளமாக வைத்து ஓர் அணியை அமைப்பது. 1994இல் அவ்வணி முதன்முறையாக வீதியில் இறங்கியது.

அணிக்கு ஒரு விதி இருந்தது. பாஸ்க் நாட்டில் பிறந்தவர், அல்லது பாஸ்க் கழகங்களில் ஓடி வளர்ந்தவர் மட்டுமே அதில் இடம்பெறலாம். உலகின் பிற அணிகள் பத்து நாட்டு வீரர்களை விலைகொடுத்துச் சேர்த்துக்கொண்டிருந்த காலத்தில், முப்பது இலட்சம் அளவில் மக்கள்தொகை கொண்ட ஓர் இனம் தன் பிள்ளைகளை மட்டும் கொண்டு போட்டியிட முனைந்தது. முதல் ஆண்டுகள் கடினமானவை. பணம் போதவில்லை. பெரிய போட்டிகளுக்கு அழைப்பும் எளிதாகக் கிட்டவில்லை. 1995இல் பாஸ்க் அரசினதும் உள்ளூர்ச் சேமிப்பு வங்கிகளினதும் முயற்சியால் தோன்றிய எயுஸ்கால்தெல் என்ற தொலைபேசி நிறுவனம் சில ஆண்டுகளில் அனுசரணையாளராக வந்தது. அதன் செம்மஞ்சள் நிறம் சீருடையாயிற்று. எயுஸ்கால்தெல்-எயுஸ்காதி என்ற பெயர் அவ்வாறே நிலைபெற்றது.

இவ்விதி இரத்தத்தை அளக்கும் விதியன்று என்பதைக் கவனிக்க வேண்டும். அணியின் மிகப் புகழ்பெற்ற வீரரான சமுவேல் சாஞ்செஸ் பாஸ்க் இனத்தவர் அல்லர். அஸ்தூரியாஸ் மாநிலத்தின் ஒவியேதோ நகரத்தவர். ஆயினும் இளவயதில் பாஸ்க் கழகங்களில் ஓடிப் பயின்றமையால் அவர் அவ்வணியின் பிள்ளையாக ஏற்கப்பட்டார். 2008 ஓகஸ்ட் மாதம் பெய்ஜிங் ஒலிம்பிக் வீதியோட்டத்தில் ஸ்பெயினுக்காகத் தங்கப்பதக்கம் வென்றவர் அவரே. எங்கே பிறந்தாய் என்பதோடு எங்கே வளர்ந்தாய் என்றும் கேட்ட விதியாகையால், அது குறுகிய மனத்தின் விதியாக மாறவில்லை.

கேர்னிக்காவின் மைந்தன்

2001ஆம் ஆண்டு அணிக்கு முதன்முறையாகப் பிரான்ஸ் சுற்றோட்டத்திற்கு அழைப்பு வந்தது. மூன்று வாரங்கள் நீளும் அப்போட்டியில் ஒவ்வொரு நாள் ஓட்டமும் ஒரு கட்டம் எனப்படும். ஒரு கட்டத்தை வெல்வதே ஒரு வீரரின் வாழ்நாட் பெருமையாகும். அவ்வாண்டு யூலை 22ஆம் நாள் ஓட்டம் பிரனீஸ் மலையிலுள்ள லூஸ் ஆர்தீதென் உச்சியில் முடிவடைவதாக இருந்தது. பாஸ்க் நாட்டிலிருந்து சில மணிநேரப் பயணத்தில் அவ்விடத்தை அடையலாம். மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து மலையை நிறைத்தனர்.

அந்தச் செம்மஞ்சள் திரளின் நடுவே தனியாக ஏறி வந்து முதலாவதாக முடித்தவர் ரொபேர்த்தோ லைசேக்கா. அணி தோன்றிய 1994இலேயே அதில் இணைந்து, வேறு அணிக்குச் செல்லாது அதிலேயே ஓய்வுபெற்றவர் அவர். அவர் பிறந்த ஊர் கேர்னிக்கா. குண்டுவீச்சில் எரிந்த அந்நகரின் பெயர், 64 ஆண்டுகளின் பின்னர், ஒரு மகிழ்ச்சியான செய்தியில் உலகப் பத்திரிகைகளில் இடம்பெற்றது.

இதன்பின் வெற்றிகள் தொடர்ந்தன. 2003இல் இபான் மாயோ, ஆல்ப்ஸ் மலையின் புகழ்பெற்ற அல்ப் துவெஸ் ஏற்றத்தை வென்றார். அவ்வாண்டின் இறுதிப் பட்டியலில் அணியின் ஹைமார் சுபெல்தியா ஐந்தாம் இடத்தையும் மாயோ ஆறாம் இடத்தையும் பெற்றனர். 2011 மே மாதம் இத்தாலிச் சுற்றோட்டத்தில் இகோர் அந்தோனும் மிகேல் நியேவேயும் அடுத்தடுத்த இரு நாட்களில் மலைக் கட்டங்களை வென்றனர். அதே ஆண்டு யூலையில், எமது கடேல் எவன்ஸ் அவுஸ்திரேலியாவுக்காக முதன்முறையாகப் பிரான்ஸ் சுற்றோட்டத்தை வென்றபோது, மலையேற்ற வீரருக்கான புள்ளியிட்ட சட்டையைப் பெற்றவர் சமுவேல் சாஞ்செஸ்.

குறைகளும் இல்லாமலில்லை. 2009ஆம் ஆண்டு பிரான்ஸ் சுற்றோட்டத்தில் ஒரு கட்டத்தை வென்ற மிகேல் அஸ்தார்லோசா, ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கியமை தெரியவந்து, அவ்வெற்றி பறிக்கப்பட்டது. தன்னினத்தின் பிள்ளை என்பதற்காக எவரும் சோதனையிலிருந்து தப்பிவிட முடியாது, தப்பவும் கூடாது.

33 ஆண்டுகளின் பின்னர் ஒரு நாள்

இந்த அணியின் வரலாற்றில் மிகவும் பொருள் பொதிந்த வெற்றி எதுவெனக் கேட்டால், அது பிரான்சில் நிகழ்ந்ததன்று என்றே பலர் கூறுவர். 1978ஆம் ஆண்டு ஸ்பெயின் சுற்றோட்டத்தின் இறுதி நாள் ஓட்டம் பாஸ்க் நகரான சான் செபஸ்தியானில் நடந்தது. அரசியற் போராட்டக்காரர் வீதியை மறித்தமையால் அந்நாளின் கடைசி ஓட்டம் செல்லாததென அறிவிக்கப்பட்டது. அதன்பின்னர் 33 ஆண்டுகள் அப்போட்டி பாஸ்க் நாட்டுக்குள் நுழையவில்லை. அது எற்றா என்ற ஆயுத அமைப்பின் தாக்குதல்களும் அரசின் அடக்குமுறைகளும் மக்களை வாட்டிய காலம்.

2011 செப்ரெம்பர் 9ஆம் நாள் ஸ்பெயின் சுற்றோட்டம் பில்பாவோ நகருக்குத் திரும்பியது. வீதியில் என்ன நிகழுமோ என அஞ்சியவர்கள் பலர். நிகழ்ந்தது வேறு. பில்பாவோவை அடுத்துள்ள கல்தாக்காவோ என்ற ஊரவரான இகோர் அந்தோன், செம்மஞ்சள் சீருடையில் தன் சொந்த வீதிகளிலே தனித்து முன்னேறி வெற்றி பெற்றார். அந்த ஆண்டு அவருக்கு அப்போட்டி சிறப்பாக அமையாதிருந்தது. ஆயினும் அன்றைய ஒரு நாள் எல்லாவற்றையும் ஈடுசெய்தது. அடுத்த மாதமே, ஒக்ரோபர் 20ஆம் நாள், எற்றா தன் ஆயுத நடவடிக்கைகளை நிரந்தரமாக நிறுத்துவதாக அறிவித்தது. ஒன்றால் மற்றது நிகழ்ந்ததென எவரும் கூறார். எனினும் அந்த இலையுதிர் காலத்தில் அம்மக்கள் நெடுங்காலத்தின் பின்னர் பெருமூச்சு விட்டனர் என்பதில் ஐயமில்லை.

தென்துருவத் தொடர்பு

அவுஸ்திரேலியாவுக்கும் பாஸ்க் மக்களுக்கும் உள்ள உறவு சைக்கிளுக்கு முந்தியது. 1958ஆம் ஆண்டு "கங்காரு நடவடிக்கை" என்ற பெயரில் ஸ்பெயினிலிருந்து இளைஞர்கள் குயின்ஸ்லாந்தின் கரும்புத் தோட்டங்களுக்கு வேலைக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலானோர் பாஸ்க் இனத்தவர். வடகுயின்ஸ்லாந்தில் இங்ஹாம் நகருக்கு அண்மையிலுள்ள ட்ரிபோன் என்ற சிற்றூரில், கையால் பந்தடிக்கும் தமது மரபு விளையாட்டுக்கென 1959இல் அம்மக்கள் எழுப்பிய உயர்ந்த சுவர் பாரம்பரியச் சின்னமாகப் போற்றப்படுகிறது. கரும்பு வெட்டிய கைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பந்தடித்தன. சிட்னியின் டார்லிங்ஹேர்ஸ்ட் பகுதியில் அவர்கள் அமைத்த சங்கத்தின் பெயர் குரே சொக்கோ. "எங்கள் மூலை" என்பது அதன் பொருள். புலம்பெயர்ந்தவர் எவரும் தம் சங்கத்திற்கு இதைவிடப் பொருத்தமான பெயரைத் தேடமுடியாது.

மறுதிசையிலும் பயணம் நிகழ்ந்தது. 1963இல் கன்பராவில் பிறந்த நீல் ஸ்டீபன்ஸ், 1990களில் ஒன்சே உள்ளிட்ட ஸ்பானிய அணிகளில் ஓடினார். 1997இல் பிரெஞ்சு அணியான பெஸ்தினாவுக்காகப் பிரான்ஸ் சுற்றோட்டத்தில் ஒரு கட்டத்தை வென்றார். பாஸ்க் நாட்டிலேயே குடும்பமாகக் குடியமர்ந்தார். மெல்பேர்ண் வர்த்தகரான ஜெரி றையனின் ஆதரவில் 2012இல் களமிறங்கிய கிறீன்எட்ஜ் என்ற அவுஸ்திரேலிய அணியின் நெறியாளருள் ஒருவராகவும் அவர் பணியாற்றினார்.

அடிலெயிட்டில் ஆண்டுதோறும் சனவரியில் நடக்கும் ரூர் டவுன் அண்டர் போட்டி 2008இல் உலகின் முதற்தரப் போட்டிகளின் வரிசையில் சேர்க்கப்பட்டது. முதற்தர அணிகள் யாவும் அதற்கு வந்தாகவேண்டும் என்பது விதி. அதனால் செம்மஞ்சள் அணியும் இக்கண்டத்து வெயிலில் ஓடியது. பிரனீஸ் மலையின் குளிருக்குப் பழகிய வீரர்கள் 40 பாகையை எட்டும் அடிலெயிட் கோடையைச் சகித்துக்கொண்டு ஓடினர்.

புள்ளிகளை விலைக்கு வாங்கிய ஆண்டு

முதற்தர அணியாக இருப்பது பெருமை மட்டுமன்று, பொறியும் ஆகும். அத்தகுதிக்கான அனுமதிப்பத்திரத்தை வழங்குகையில், சர்வதேச சைக்கிள் ஓட்டச் சம்மேளனம் வீரர்கள் ஈட்டிய புள்ளிகளைக் கணக்கிட்டது. புள்ளிகள் அணிக்குரியவை அல்ல, வீரருக்குரியவை. ஒரு வீரரைச் சேர்த்தால் அவரது புள்ளிகளும் கூடவே வரும். மலையேற்றத்தில் வல்லவரான பாஸ்க் வீரர்கள் சில பெரிய வெற்றிகளை ஈட்டினர். ஆயினும் ஆண்டு முழுவதும் சிறுசிறு புள்ளிகளைச் சேர்க்கும் விரைவோட்ட வீரர்கள் அவர்களிடையே குறைவு.

2012இன் இறுதியில் அணியின் பொறுப்பு அறக்கட்டளையின் கையிலிருந்து எயுஸ்கால்தெல் நிறுவனத்தின் கைக்கு முழுமையாக மாறியது. அதே வேளையில் பழைய விதியும் கைவிடப்பட்டது. 2013ஆம் ஆண்டு அணியில் கிரேக்கர், ஜேர்மானியர், ஸ்லோவேனியர், ரஷ்யர், மொறோக்கோ நாட்டவர் எனப் பலர் இடம்பெற்றனர். அவர்களிற் பலர் தொலைதூர நாடுகளின் சிறிய போட்டிகளில் புள்ளிகள் ஈட்டியவர்கள். அவ்வீரர்கள் மீது குறைகூற எதுவுமில்லை. வேலை கேட்டு வந்தவர்கள் அவர்கள். ஆனால் அவர்களை அழைத்தவர்கள் தேடியது அவர்களை அன்று, அவர்களது புள்ளிகளை. சாஞ்செசை ஏற்றபோது இருந்த மனமும் இப்போதிருந்த மனமும் ஒன்றல்ல. அப்புதியவர்களுள் ரஷ்ய வீரரொருவர் சில மாதங்களுக்குள்ளேயே ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார்.

புள்ளிகளால் அனுமதிப்பத்திரம் கிடைத்தது. காப்பாற்றப்படவேண்டிய பொருள்தான் கைநழுவியது. ஸ்பெயினைப் பொருளாதார நெருக்கடி வாட்டிய அக்காலத்தில் பொது நிறுவனங்களின் உதவி சுருங்கிற்று. ஒரே நிறுவனம் பாரம் முழுவதையும் சுமக்கவேண்டிய நிலை. 2013 ஓகஸ்டில், ஸ்பெயின் சுற்றோட்டம் தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன்னர், ஆண்டிறுதியோடு அணி கலைக்கப்படும் என்ற அறிவித்தல் வந்தது. செப்ரெம்பர் தொடக்கத்தில் மோட்டார் பந்தய வீரர் பெர்னாண்டோ அலொன்சோ அணியை வாங்குவதாகச் செய்தி பரவியபோது நம்பிக்கை பிறந்தது. மூன்று வாரங்களுக்குள் அப்பேச்சுவார்த்தை முறிந்தது.

கலைக்கப்படுவோம் என்று அறிந்தும் அந்த வீரர்கள் மூன்று வாரங்கள் ஸ்பெயினின் மலைகளில் ஓடினர். போட்டி முடிவில் அணிகளுக்கான பட்டியலில் முதலிடம் பெற்றது எயுஸ்கால்தெல்-எயுஸ்காதி. வெற்றி மேடையில் ஏறியவர்களுட் பலருக்கு அடுத்த ஆண்டு வேலை எங்கேயெனத் தெரியாது.

வேர் இருந்தது

வீரர்கள் சிதறினர். சமுவேல் சாஞ்செஸ், கடேல் எவன்ஸ் ஓடிய பி.எம்.சி. அணிக்குச் சென்றார். மிகேல் நியேவே சில ஆண்டுகளின் பின்னர் எமது அவுஸ்திரேலிய அணிக்கு வந்து, 2018இல் மிச்சல்ரன்-ஸ்கொட் என்ற பெயரில் அது ஓடியபோது, இத்தாலிச் சுற்றோட்டத்தின் மலைக் கட்டமொன்றை அதற்காக வென்றார். இளையோரான மிகேல் லாந்தா, இயோன் இசாகிர்ரே, பெயோ பில்பாவோ ஆகியோரும் பிற அணிகளை நாடினர்.

பெரிய அணி மறைந்தபோதும், இளம் வீரரைப் பயிற்றுவிக்கும் அறக்கட்டளையின் சிறிய அணி மறையவில்லை. குறைந்த பணத்தில் அது தொடர்ந்து ஓடியது. அதுவும் தள்ளாடிய வேளையில் அறக்கட்டளையின் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் மிகேல் லாந்தா. வெளிநாட்டு அணியில் ஓடிக்கொண்டிருந்த ஒரு வீரர், தன்னை வளர்த்த நாற்றங்காலைக் காக்கத் தன் பெயரையும் உழைப்பையும் கொடுத்தார். 2020இல் அவ்வணி இரண்டாம் தரத் தொழில்முறை அணியாக உயர்ந்தது. எயுஸ்கால்தெல் மீண்டும் அனுசரணையாளராயிற்று. செம்மஞ்சள் சீருடை மீண்டும் வீதிக்கு வந்தது. 2021இல் ஸ்பெயின் சுற்றோட்டத்திலும் அது ஓடியது. பின்னர் பெண்களுக்கான அணியொன்றும் அதே அறக்கட்டளையின் நிழலில் வளர்ந்தது.

2023 யூலை 1ஆம் நாள் பிரான்ஸ் சுற்றோட்டம் பில்பாவோ நகரிலிருந்து தொடங்கியது. மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். ஆயினும் இரண்டாம் தர அணியாக இருந்த செம்மஞ்சள் அணிக்கு அப்போட்டியில் இடம் கிடைக்கவில்லை. தன் சொந்த ஊரில் தொடங்கிய போட்டியை வீதியோரத்தில் நின்று பார்க்கவேண்டிய நிலை அதற்கு. எனினும் அப்போட்டியின் பத்தாம் கட்டத்தைப் பெயோ பில்பாவோவும், பன்னிரண்டாம் கட்டத்தை இயோன் இசாகிர்ரேயும் வென்றனர். இருவரும் வேற்று நாட்டு அணிகளின் சீருடையில் ஓடினர். இருவரும் பழைய செம்மஞ்சள் அணியில் தொழில் பழகியவர்கள். பெயோ பில்பாவோ பிறந்த ஊர், லைசேக்கா பிறந்த அதே கேர்னிக்கா.

எமக்கு இதில் என்ன?

சிட்னியிலும் மெல்பேர்ணிலும் எம்மவர் நடத்தும் விளையாட்டுக் கழகங்களும் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகளும் பழைய மாணவர் சங்கங்களும் இத்தகைய கேள்விகளையே ஆண்டுதோறும் சந்திக்கின்றன. அணியில் எம்மவர் மட்டும்தான் ஆடவேண்டுமா? கிண்ணம் வெல்வதற்காக வெளியார் இருவரைச் சேர்க்கலாமா? ஒரு வர்த்தகரின் பெருந்தொகையை ஏற்பதா, நூறு வீடுகளில் இருபது இருபது டொலராகச் சேர்ப்பதா? பொதுக்கூட்டங்களில் குரல் உயர்வதும், சில கழகங்கள் இரண்டாகப் பிரிவதும் இக்கேள்விகளாலேயே.

பாஸ்க் அணியின் வரலாறு இவற்றுக்கு நேரடி விடை தருவதில்லை. ஆனால் சில உண்மைகளைக் காட்டுகிறது. எம்மிடையே வளர்ந்தவரை எம்மவர் என ஏற்ற விதியால் அவ்வணி வளம் பெற்றது. புள்ளிக்காக ஆளைத் தேடியபோது வறுமையுற்றது. ஆயிரம் பேரின் சந்தாவில் நின்ற காலத்தில் வறியதாயினும் எவராலும் அதனை ஒரே நாளில் மூடிவிட முடியவில்லை. ஒரே கையின் பணத்தில் நின்றபோது ஒரே அறிவித்தலில் முடிந்துபோயிற்று. பெருந்தொகையை ஏற்பது தவறன்று. அத்தொகை நின்ற மறுநாளும் மிஞ்சி நிற்கக்கூடிய ஒன்றைத் தனியே பேணாதிருப்பதே தவறு.

கிண்ணங்கள் அலுமாரியில் தூசு படியும். கொடி பிடித்து ஆரவாரித்த கூட்டம் வீடு திரும்பும். பெரிய அணியை இழந்த அம்மக்களிடம் எஞ்சியது, பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் சனிக்கிழமை காலைகளில் மலைவீதியில் சைக்கிள் பழகும் சிறிய கழகங்களே. அவையே பின்னர் எல்லாவற்றையும் மீட்டுத் தந்தன. எமது பிள்ளைகள் பந்து பழகும் மைதானத்திற்கும் அகரம் பழகும் வகுப்பறைக்கும் இந்த வாரம் எத்தனை பெற்றோர் வந்தனர் என்பதில்தான் எமது கணக்கும் அடங்கியிருக்கிறது.